சிவக்காத மருதாணி

செவ்வாய்க்கிழமை காலையிலேயே பத்தூலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வந்ததும் வராததுமாகப் பெரிய டாக்டரம்மா மாடிப்படியிலேயே அவளை மறித்துக்கொண்டாள்.

"பத்தூல், ஏழாம் நம்பர் கட்டில் அம்மா இன்னும் கைநாட்டு வைக்கல. வியாழக்கிழமை ஆபரேஷன் லிஸ்டை நாளைக்கு மதியம் ரெண்டு மணிக்கு மூடிடுவாங்க. விட்டா அடுத்த தேதிக்கு ஆறு வாரம். அந்தக் கட்டி ஆறு வாரம் சும்மா உக்காந்திருக்காது. உன்கிட்டதான் அவங்க வாயைத் திறக்கிறாங்க, எப்படியாவது பேசு."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போயே விட்டாள். பத்தூல் படியிலேயே நின்றாள். நல்ல நியாயம்தான்! பத்து வருஷம் படித்தவர்களால் முடியாததை மருதாணிக்காரி தலையில் கட்டிவிட்டுப் போய்விட வேண்டியது.

பத்தூல் ஃபெஸ் நகரத்து மருதாணிக்காரி. கல்யாணம், பிள்ளைக்குப் பேர் வைப்பு என்று அந்தப் பழைய நகரத்தில் அவள் கை படாத வீடு குறைவு. ஒரே ராத்திரியில் அறுபது பேருக்குக் கை வரைந்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, "டீ எங்கே?" என்று அதட்டுகிற ஆள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்கள் சங்கம் அவளை இந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. மருந்து ஏறி ஏறி நகம் கறுத்து, முடி கொட்டி, கண்ணாடி பக்கமே போகாமல் படுத்திருக்கிற பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் மருதாணி போட வேண்டும். தலைமை நர்ஸ் மஹ்ஜூபா முதல் நாளே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது என்ன கல்யாண வீடா? சரி, டாக்டரம்மா சொல்லிட்டாங்க, வந்து தொலை. ஆனா விரல் நுனி பத்தையும் விட்டுடணும். நாங்க கிளிப் மாட்டி மூச்சு பார்க்கணும். ஒரு விரல் செவந்துச்சு, உன்னை ஜன்னல் வழியா அனுப்பிடுவேன்."

அந்த ஊரில் மருதாணி போடுவதே ஊசியில்தான். மருந்துக்கடையில் வாங்குகிற சாதாரண சிரிஞ்சு, முனை மழுக்கினது. ஊசியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெண்கள் இந்த ஊசிக்கு மட்டும் தாங்களாகவே கையை நீட்டினார்கள். நீட்டினால் ஒன்றரை மணி நேரம் அசைய முடியாது. கை கட்டுப்பட்டுக் கிடந்தால் வாய் எத்தனை நேரம் சும்மா இருக்கும்? புருஷன் கதை வரும், மாமியார் கதை வரும், அப்புறம் யாரிடமும் சொல்லாத பயம் மெதுவாக வரும். பத்தூல் தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டே பூ போடுவாள். மஹ்ஜூபாவே ஒரு நாள், "நீ வந்துட்டுப் போனா அன்னைக்கு எல்லாரும் சாப்பிடறாங்கடி" என்று வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டாள்.

ஏழாம் நம்பர் ஹனியா மட்டும் சுலபத்தில் மசியவில்லை. ஐம்பத்தெட்டு வயசு. மூன்று வாரமாகச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். போன வெள்ளிக்கிழமைதான் இந்தப் பக்கம் திரும்பினாள். திரும்பியதும் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"ஏம்மா, வாசல்ல கோவேறு கழுதையோட எவனாச்சும் நிக்கிறானா?"

அவள் புருஷன் அல்லால் சுமைக் கழுதை ஓட்டுகிறவர். வண்டி நுழையாத அந்தச் சந்துகளில் தோல் மூட்டை ஏற்றிக்கொண்டு, "ஒதுங்கு, ஒதுங்கு!" என்று கத்திக்கொண்டே போகிறவர்களில் ஒருவர். அவர் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஏன் வரவில்லை என்பதற்குக் காரணமும் தனக்குத் தெரியும் என்றாள் ஹனியா.

"நான்தான் வெரட்டிட்டேன். தோல் மூட்டையை இறக்கிட்டு அப்படியே வந்து நின்னாரு. வார்டே மூக்கைப் பொத்துது. எனக்குன்னா ஒண்ணும் தெரியல, இந்த மருந்து ஏறினதிலேருந்து என் மூக்கு செத்துப் போச்சு. ஆனா வெக்கமாப் போச்சு. 'இந்த நாத்தத்தோட என்கிட்ட வராதே, குளிச்சுட்டு வா'ன்னுட்டேன். எல்லார் எதிர்லயும். ஒண்ணும் பேசாம போயிட்டாரு. இப்ப கால் சுளுக்காம். மகன் வந்து சொல்றான். சுளுக்காவது மண்ணாவது! கோவம்." கொஞ்ச நேரம் கழித்து, "வரட்டும். வந்து என் கையைப் பிடிச்சு, 'போ'ன்னு சொல்லட்டும். அப்பத்தான் கைநாட்டு. அதுவரைக்கும் எந்தக் கத்தியும் என்னைத் தொடக் கூடாது" என்றாள். அப்புறம் குரலை இறக்கி, "செவ்வாய்க்கிழமை எனக்கு மருதாணி போட்டு விடுறியா? கல்யாணத்துக்குப் போட்ட மாதிரி. அந்த மனுசன் பார்த்து வாயைப் பிளக்கணும்" என்று கேட்டாள்.

"போட்டுட்டாப் போச்சு!" என்று பத்தூல் அன்றைக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். மூன்று வாரமாகச் சுவரைப் பார்த்தவள் கையை நீட்டுகிறாளே என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னதை மென்றுகொண்டே வார்டுக்குப் போகிற நடையில் திரும்பினால், ஹனியாவின் மகன் இத்ரீஸ் சுவரோரமாக நிற்கிறான். இவளைப் பார்த்ததும் ஓடி வந்து பையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, இன்னைக்கு உம்மாவுக்கு மருதாணி போடாதீங்க."

"ஏன்டா, உனக்குப் போட்டு விடணுமா?" என்றாள் பத்தூல் வழக்கமான கிண்டலாக.

"வாப்பா மவுத்தாயிட்டாரு அக்கா. போயிட்டாரு."

பத்தூலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடையில் டீ வண்டி கடகடவென்று போனது.

"என்னைக்கு?"

"போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி. தெருவிலேயே. அத்தை, மாமா எல்லாரும் உக்காந்து பேசி முடிவு பண்ணினோம். ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு."

"அடப்பாவிகளா! அவரு வந்து கையைப் பிடிச்சாத்தான் கைநாட்டுன்னு அந்தம்மா உக்காந்திருக்கு!"

"அது அப்புறம்தானே தெரிஞ்சுது. இப்பச் சொன்னா செத்துடும் அக்கா. உடம்புல என்ன இருக்கு? எலும்புதான் இருக்கு."

"சரி, மருதாணி என்ன பண்ணிச்சு?"

இத்ரீஸ் தலையைக் குனிந்துகொண்டான். "இத்தா இருக்க வேண்டிய பொம்பளை. நாலு மாசம் பத்து நாள் வெள்ளை உடுத்தி, மருதாணி, அத்தர் எதையும் தொடாம இருக்க வேண்டியவங்க. கபுர் மண்ணு இன்னும் காயல. நாளைக்கு விஷயம் தெரிஞ்சு, 'அவரை அடக்கி பதினொரு நாள்ல நான் கையைச் செவக்க வச்சுக்கிட்டு சிரிச்சிட்டிருந்தேனா'ன்னு அவங்க கேட்டா நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு நிப்பேன்?"

"அப்ப போட மாட்டேன்னு சொல்லிடறேன்."

"ஐயோ, வேணாம். போடலேன்னா உடனே கண்டுபிடிச்சிடுவாங்க."

"போடவும் கூடாது, போடாம இருக்கவும் கூடாது! உங்க குடும்பத்துல எல்லாருக்கும் மூளை இப்படித்தான் ஓடுமா?" என்று சீறினாள் பத்தூல். முப்பது வயசு ஆண்பிள்ளை, நடையில் நின்று சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான். திட்டினவளே பையிலிருந்து பஞ்சை எடுத்து அவன் கையில் திணிக்க வேண்டியதாயிற்று.

அங்கேயே அவனை இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மா முன்னால் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அப்படி ஒரு புத்தி அன்றைக்கு அவளுக்கு வரவேயில்லை என்று பிற்பாடு எத்தனை தரம் தன்னையே திட்டிக்கொண்டாள்! கழிவறைக்குப் போய் முகம் கழுவினாள். நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். பையைத் திறந்து கரைத்து வைத்த மருதாணியைப் பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அப்புறம் திடீரென்று வெளியே ஓடி, ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் இருக்கிற சாமான் கடையில் ஒரு பொட்டலம் களிமண் வாங்கிக்கொண்டு வந்தாள். ஹம்மாம் என்கிற பொதுக் குளியல் கூடத்தில் பெண்கள் தலைக்குத் தேய்த்துக் குளிக்கிற அதே பழுப்புக் களிமண். ஈரமாக இருக்கும்போது பார்த்தால் மருதாணிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. தோலில் நிறமும் ஏறாது. ஆரஞ்சுப் பூத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒரு சிட்டிகை கிராம்புத்தூள் போட்டு, புதுச் சிரிஞ்சில் ஏற்றினாள். ஹனியாவின் மூக்குதான் செத்துக் கிடக்கிறதே. கழுவினதும் நிறம் இல்லை என்று கேட்டால், மருந்து ஏறின உடம்பில் சிவக்காது என்று சொல்லிவிடலாம். போட்ட மாதிரியும் ஆச்சு, போடாத மாதிரியும் ஆச்சு. தன் சாமர்த்தியத்தை நினைத்து அந்த நேரத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

ஹனியா தலையில் புதுத்துணி கட்டிக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள். எட்டாம் நம்பர் கட்டில் இஜ்ஜா, மலைப்பக்கத்துப் பெண், ஒலிபெருக்கி முழுங்கினவள் மாதிரிப் பேசுகிறவள், "வா வா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள பொண்ணை ஜோடிச்சிடு" என்று வரவேற்றாள்.

"கல்யாணத்துக்கு எப்படிப் போட்டாங்க?" என்று கேட்டாள் பத்தூல்.

"கட்டம் கட்டமா. நடுவுல ஒரு கண்ணு. எனக்கு அப்ப பத்தொன்பது வயசு. அவரு என் கையைப் பார்த்து, 'இது என்ன, ஜமுக்காளம் மாதிரி இருக்கு'ன்னாரு. ரசனை கெட்ட மனுசன்! ஆனா அது வெளுக்கிற வரைக்கும் என் கையைத் தண்ணியில விட விடல. முப்பத்தொன்பது வருசத்துல அந்தப் பத்து நாள்தான் அவரு பாத்திரம் கழுவினது."

இஜ்ஜா வயிறு குலுங்கச் சிரித்தாள். ஹனியாவும் சிரித்தாள். பத்தூல் மண்ணால் கட்டம் கட்டிக்கொண்டே போனாள். அவள் கை இந்த இருபத்தைந்து வருஷத்தில் நடுங்கினதே இல்லை. அன்றைக்கு மூன்று கோடு வளைந்துவிட்டது.

"என்னடி, இன்னைக்கு ஊமையாயிட்டே?" என்றாள் ஹனியா. "எப்பவும் நீதானே எங்களை வம்புக்கு இழுப்பே?"

"தலைவலி, லல்லா," என்றாள் பத்தூல். அந்த ஊரில் பெரியவளை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"அவரு நாளைக்கு வருவாரு, பாரேன். இத்ரீஸ்கிட்ட சொல்லி அனுப்பியிருக்கேன். நான் மருதாணி போட்டுக்கிட்டேன்னு கேட்டா நொண்டிக்கிட்டாவது வருவாரு."

பத்தூல் முடித்த கையோடு, "சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் கழுவாதீங்க" என்று சொல்லிவிட்டு, வழக்கமாகக் குடிக்கிற டீயைக்கூடக் குடிக்காமல் ஓடி வந்துவிட்டாள். வீட்டிலும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் வைத்த கறி கருகிப் போனது. கல்யாண வீட்டிலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. கண்ணை மூடினால் "நொண்டிக்கிட்டாவது வருவாரு" என்ற குரல்தான். யாருக்காகவோ நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்தது ஏன் இப்படித் திருடின மாதிரி உறுத்துகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

புதன்கிழமை அவள் முறை இல்லை. இருந்தாலும் பத்து மணிக்கெல்லாம் போய்விட்டாள்.

ஹனியா கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில் மல்லாந்து கிடந்தன. வெளுப்பாக, ஒரு கோடுகூட இல்லாமல் கிடந்தன.

"உன் ஊசியில நேத்து என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள் ஹனியா.

பத்தூல் தயாராக வைத்திருந்ததை எடுத்தாள். "லல்லா, இந்த மருந்து ஏறின உடம்புல சில சமயம் மருதாணி பிடிக்காது—"

"ஏய், இரு இரு," என்றாள் இஜ்ஜா. "எனக்கும் அதே மருந்துதான். போன வெள்ளிக்கிழமை நீதானே போட்டே? பாரு." அவள் நீட்டின கை, நுனி விரல் போக, செக்கச்செவேலென்று சிவந்திருந்தது.

இதை எப்படி மறந்து தொலைத்தாள்! அடுத்த கட்டிலிலேயே சாட்சியை உட்கார வைத்துவிட்டுப் பொய் சொல்ல வந்திருக்கிறாள். பத்தூல் திருதிருவென்று விழித்தாள்.

"விடு இஜ்ஜா. எனக்கு நேத்தே தெரியும்," என்றாள் ஹனியா. "மூக்குத்தான் செத்துது, தோல் சாகல. காய்ஞ்சதும் இழுத்துச்சு. மருதாணி இழுக்காது, குளுகுளுன்னு கிடக்கும். நாப்பது வருசமா அந்த மண்ணைத் தலையில தேய்ச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? முதல்ல நெனச்சேன், இவ மருதாணியை மிச்சம் பிடிக்கிறான்னு. அப்புறம் நெனச்சேன், அப்படிப்பட்டவ இல்லையே. அப்ப ஏன்? மருதாணிக்காரி ஒருத்தி பயந்து பயந்து மண்ணைப் போட்டு ஏமாத்துற கை எது? சின்னப் பொண்ணு கையா? நோயாளி கையா? இஜ்ஜாவுக்கு நல்லாத்தானே போட்டா? திருப்பித் திருப்பி யோசிச்சேன். எந்தக் கைக்கு மருதாணி ஆகாதுன்னு எனக்குத் தெரியும். ஒரே ஒரு கைதான் இருக்கு." அவள் தலையை நிமிர்த்தினாள். "என்னைக்குப் போனாரு?"

பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது.

"போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி."

ஹனியா விரலை மடக்கி எண்ணினாள். "பன்னெண்டு நாள். நான் 'குளிச்சுட்டு வா'ன்னு சொன்னது வியாழக்கிழமை." அவள் அழவில்லை. "இத்ரீஸைக் கூப்பிடு. கீழேதான் நிப்பான், கோழை."

இத்ரீஸ் வந்தான். வாசற்படியிலேயே அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஹனியா அவனைத் திட்டவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"குளிச்சாரா?"

"உம்மா..."

"அன்னைக்குக் குளிச்சாரான்னு கேட்கிறேன்."

"குளிச்சார் உம்மா. காலையில முதல் ஆளா ஹம்மாமுக்குப் போனாரு. ஒன்றரை மணி நேரம் தேய்ச்சாராம், ஹம்மாம்காரன் சொன்னான். அன்னைக்குச் சுமை ஏத்தல. கழுதையைக் கட்டிப் போட்டுட்டு, வெள்ளை அங்கி போட்டுக்கிட்டு, ஜும்ஆ தொழுதுட்டு உங்களைப் பார்க்கத்தான் கிளம்பினாரு. தண்ணிக் குழாய்கிட்ட படியில உக்காந்திருக்காரு. கையில அத்திப்பழப் பை. எழுந்திருக்கல."

ஹனியாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. "மையத்தை யாரு குளிப்பாட்டினது?"

"நானும் பள்ளிவாசல் ஆளும்."

"நான் உயிரோடதானேடா இருந்தேன்?" அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "முப்பத்தொன்பது வருசம் அந்த முதுகை நான் தேய்ச்சு விட்டிருக்கேன். தோல் நாத்தத்தோட வருவாரு, நான்தான் வெந்நீர் வைப்பேன், நான்தான் தேய்ப்பேன். கடைசியா ஒரு தடவை ஊத்துற தண்ணி என் பங்குடா! என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நாற்காலியில தூக்கிட்டுப் போயிருக்கக் கூடாதா? என் புருஷன் மையத்துமேலகூட எனக்கு உரிமை இல்லாமப் போச்சா? போடா. என் கண்ணு முன்னால நிக்காதே!"

இத்ரீஸ் நடைக்கு ஓடினான். ஹனியா மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள் பத்தூல். மணி பதினொன்று அடித்தது, பன்னிரண்டு ஆனது. மஹ்ஜூபா படிவத்தையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தாள், சுவரைப் பார்த்த முதுகைப் பார்த்தாள், பத்தூலைச் சுட்டெரிக்கிற மாதிரி முறைத்துவிட்டுப் போனாள். நடையில் வைத்து, "உன் மருதாணியால ஒரு உயிர் போகுது, நல்லாயிரு!" என்றாள். கட்டில் பக்கத்தில் நின்றாள், உட்கார்ந்தாள், ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். மன்னிப்புக் கேட்க நாலு தரம் வாயைத் திறந்து மூடினாள்.

பன்னிரண்டரைக்குச் சுவர்ப் பக்கமிருந்தே குரல் வந்தது.

"அந்த மண்ணு மிச்சம் இருக்கா?"

"இருக்கு லல்லா." நேற்றைய பொட்டலம் பையில் அப்படியே கிடந்தது.

ஹனியா எழுந்து உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. "அது செவக்காதுல்ல? அப்ப இத்தாவுக்குக் குத்தமில்ல. எடு. கட்டமும் வேணாம், கண்ணும் வேணாம். அவரு நடந்த வழியைப் போடு."

பத்தூல் பூவும் கொடியும் கட்டமும் தவிர வேறு எதையும் வரைந்தவள் இல்லை. ஆனால் அந்தச் சந்துகள் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். இடது மணிக்கட்டில் வீட்டுக் கதவைப் போட்டாள்.

"கதவுக்கு மேல ஒரு விரிசல் இருக்கு. போடு," என்றாள் ஹனியா.

விரிசல் போட்டாள். கொட்டிலில் கழுதையைப் போட்டாள்.

"இது என்ன, முயலா? எங்க மஸ்ஊதாவுக்குக் காது இவ்வளவு நீளமில்லை."

"நான் பார்த்திருக்கேன்," என்று இஜ்ஜா நுழைந்தாள். "போன மாசம் வாசல்ல நின்னு கத்திச்சே, அதுதானே? அது முயலும் இல்ல, கழுதையும் இல்ல, ஷைத்தான்."

ஹனியாவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் குலுங்கினாள். பத்தூல் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அப்புறம் ஹம்மாம் வந்தது, புகைக்கூண்டு வந்தது, பள்ளிவாசல் வந்தது, ஏற்றம் வந்தது. இடது உள்ளங்கை முடிகிற இடத்தில் தண்ணீர்க் குழாயும் படியும் வந்தன. பத்தூல் ஊசியை நிறுத்தினாள்.

"ஆளை வரைய வேணாம்," என்றாள் ஹனியா. "செருப்பை வரை. படிக்குப் பக்கத்துல."

வரைந்தாள். ஹனியா அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரிடம் பேச ஆரம்பித்தாள், பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல். வெட்கப்பட்டதைச் சொன்னாள், வெரட்டினதைச் சொன்னாள், அத்திப்பழத்துக்காகத் திட்டினாள். வார்டில் இருந்த பெண்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்கள். பேசி ஓய்ந்ததும் வலது கையை நீட்டினாள்.

"படியோட நிறுத்திட்டியே. அங்கேருந்து இங்க வரைக்கும் போடு. பாதி வழியில உட்கார வச்சுட்டு எப்படி விடறது? என்கிட்டதானே வந்துட்டிருந்தாரு? கொண்டு வா."

பத்தூலுக்குக் கண் மறைத்தது. தோளில் துடைத்துக்கொண்டு போட்டாள். பழைய நகரத்தின் நீல வாசல், டாக்சி நிற்கிற இடம், ஆஸ்பத்திரிக் கேட், மாடிப்படி, நடை. வலது உள்ளங்கை நடுவில் ஒரு கட்டில். கட்டில் பக்கத்தில், சொல்லாமலே, அந்தச் செருப்பு.

மண் காய்ந்தது. "இழுக்குது," என்றாள் ஹனியா.

ஒன்று நாற்பது ஆகியிருந்தது. மஹ்ஜூபா படிவத்தோடு வந்து, கையைப் பார்த்ததும் வெடித்தாள். "மறுபடியுமா? உங்களுக்கெல்லாம் பைத்தியமா? இருபது நிமிஷம்தான் இருக்கு, யாரு இதைக் கழுவுறது?"

"நான்தான் கழுவணும்," என்றாள் ஹனியா. "வெந்நீர் கொண்டு வாம்மா. ரொம்பச் சூடா வேணாம். அவருக்குச் சூடு ஆகாது."

மஹ்ஜூபா பதில் சொல்ல வாயெடுத்தாள். கையிலிருந்த கதவையும் படியையும் செருப்பையும் குனிந்து பார்த்தாள். அவளும் அந்த ஊர்க்காரிதான். போய், எவர்சில்வர் தட்டும் கூஜாவில் வெந்நீரும் கொண்டு வந்து, தானே கூஜாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஹனியா பிஸ்மி சொல்லி வலது கையிலிருந்து ஆரம்பித்தாள். மஹ்ஜூபா மெதுவாக ஊற்றினாள். கட்டிலும் செருப்பும் முதலில் நனைந்து இருண்டன, அப்புறம் கரைந்தன. ஹனியா அவசரப்படவில்லை. முதுகு தேய்க்கிற மாதிரி, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, ஒவ்வொரு சந்தாகத் தேய்த்தாள். அப்புறம் இடது கை. ஒரு தடவை கழுவிவிட்டு, மறுபடி வலதிலிருந்து. மூன்று தடவை. நடையில் நின்றிருந்த இத்ரீஸ் உள்ளே வந்து, கட்டில் கால்மாட்டில் மண்டியிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டான். அவள் தள்ளவில்லை.

"ஆச்சு," என்றாள். வெள்ளைத் துண்டை வாங்கிக் கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்கேம்மா வைக்கணும்?"

மஹ்ஜூபா படிவத்தை நீட்டினாள். ஹனியா கட்டைவிரலை மையில் அழுத்தி, காட்டின இடத்தில் வைத்து எடுத்தாள். மணி ஒன்று ஐம்பத்தெட்டு. மஹ்ஜூபா படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு, அந்தப் பருத்த உடம்பை வைத்துக்கொண்டு, நடையில் ஓடினாள்.

பத்தூல் தரையில் உட்கார்ந்து சிரிஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தாள். "மன்னிச்சுடுங்க லல்லா," என்றாள் ஒரு வழியாக.

"அதெல்லாம் பிறகு பார்க்கலாம். கணக்கு வச்சுக்கோ. நாலு மாசம் பத்து நாள்ல பன்னெண்டு போச்சு. அது என்னைக்கு முடியுதோ அன்னைக்கு வீட்டுக்கு வா. கதவுக்கு மேல விரிசல் இருக்கும், தெரியும்ல? நெஜ மருதாணி கொண்டு வா. மண்ணு கொண்டு வந்தே, கையை ஒடிச்சிடுவேன்."

"கொண்டு வரேன்."

"விரல் நுனியை விடாதே," என்றாள் ஹனியா. "பத்து விரலுக்கும் போடு."